எரிவாயுச் சிக்கனமும் சமையலறை வெப்பக் கணக்கும் — புனே நகர் ஆராய்ச்சி காட்டும் வழி

சமையல் எரிவாயுவின் விலை உயரும்போது அதன் பாரம் முதலில் இல்லத்தரசியின் கணக்குப் புத்தகத்தில்தான் விழுகின்றது. அரிசி விலை ஏறினால் கேழ்வரகோ கம்போ வாங்கிச் சமாளிக்கலாம். எரிபொருளின் விலை ஏறினால் எதைச் சமைப்பதாயினும் செலவு கூடிவிடுகின்றது. வசதி குறைந்த குடும்பங்கள் அவ்வேளைகளில் சிலிண்டரை மூலையில் நிறுத்திவிட்டு மீண்டும் விறகடுப்பை நாடுகின்றன. விறகின் புகையோ பெண்களின் கண்களையும் நுரையீரலையும் கெடுக்க வல்லது. ஆகவே எரிவாயுச் சிக்கனம் என்பது பணத்தை மட்டும் பற்றிய விஷயமன்று; குடும்பத்தின் சுகாதாரத்தைப் பற்றியதும் ஆகும்.

விலை ஏன் ஏறி இறங்குகின்றது?

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய கலவை. இந்தியாவில் செலவாகும் இவ்வாயுவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெளிநாடுகளிலிருந்து, பெரும்பாலும் மேற்காசியாவிலிருந்து, கப்பல் வழியாக வந்துள்ளது. சவுதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை, டாலரின் மாற்று மதிப்பு, கப்பல் கூலி, அரசு வழங்கும் மானியம் ஆகிய யாவும் சேர்ந்தே நம் வீட்டு வாசலில் வந்திறங்கும் சிலிண்டரின் விலையை நிர்ணயிக்கின்றன.

இதன் விளைவைச் சில எண்களால் அறியலாம். தில்லியில் மானியமற்ற 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 2014 ஜனவரியில் 1,241 ரூபாய்க்கு விற்றது. 2020 மே மாதத்தில் 581 ரூபாய் 50 காசாக இறங்கியது. 2023 மார்ச்சில் 1,103 ரூபாயாக ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாய் குறைக்கப்பட்டு 903 ரூபாயாயிற்று. மானிய விலையில் ஆண்டுக்கு 6 சிலிண்டர்களே என 2012 செப்டம்பரில் விதிக்கப்பட்ட வரம்பு, 2013 ஜனவரியில் 9 ஆகவும் 2014 ஜனவரியில் 12 ஆகவும் தளர்த்தப்பட்டது. இவற்றுள் எதுவும் ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் சிலிண்டர் வீட்டிற்குள் வந்தபின் அதிலுள்ள வெப்பம் எவ்வாறு செலவாகின்றது என்பது முழுவதும் குடும்பத்தின் கையில்தான் இருக்கின்றது.

ஒரு சிலிண்டரில் அடங்கிய வெப்பம்

ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது சுமார் 11,000 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். எனவே 14.2 கிலோ சிலிண்டரில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 1,56,000 கிலோகலோரி. இவ்வளவும் பாத்திரத்தைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிக் காற்றில் கலந்துவிடுகின்றது. வீட்டு எரிவாயு அடுப்புகள் குறைந்தது 68 சதவிகித வெப்பத்தையேனும் பாத்திரத்திற்குத் தரவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி கூறுகின்றது. அக்கணக்கின்படி ஒரு கிலோ எரிவாயுவிலிருந்து சுமார் 7,500 கிலோகலோரி பாத்திரத்தைச் சேரும். பர்னரின் துளைகளில் அழுக்கு அடைத்துச் சுடர் மஞ்சளாக எரியுமாயின் இவ்வளவும் கிட்டாது. பாத்திரத்தின் அடியும் கரி பிடிக்கும். நீலச் சுடரே முழுமையான எரிதலுக்கு அடையாளம்.

பாத்திரத்தைச் சேர்ந்த வெப்பம் என்னவாகின்றது என்பதே அடுத்த கேள்வி. கவனிக்கத்தக்க பேரிழப்பு இங்குதான் நிகழ்கின்றது.

கொதித்த பின் நிகழும் இழப்பு

ஒரு லிட்டர் நீரை அறையின் உஷ்ணநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 73 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டர் நீர் முழுவதையும் ஆவியாக்கவோ சுமார் 540 கிலோகலோரி தேவை. அதாவது கொதிக்கவைப்பதற்கு ஆவதைப்போல் ஏழு மடங்குக்கு மேல். இதனையே விஞ்ஞானிகள் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கின்றனர்.

நீர் கொதிக்கத் தொடங்கிய பின்னர் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதன் உஷ்ணநிலை உயர்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனே நகரில் நீர் ஏறக்குறைய 98 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கின்றது. மெல்லக் கொதித்தாலும் 98 டிகிரிதான். பொங்கிக் குமுறினாலும் 98 டிகிரிதான். அரிசியும் பருப்பும் வேகும் வேகம் உஷ்ணநிலையைப் பொறுத்ததேயன்றிக் கொதிப்பின் ஆரவாரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே கொதி வந்தபின் பெருந்தீ வைப்பதால் சோறு விரைவில் வேகாது. நீராவிதான் விரைவில் வெளியேறும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அரைக் கிலோ அரிசியையும் ஒரு லிட்டர் நீரையும் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 11 கிராம் எரிவாயு போதும். அதன்பின் பெரிய பர்னரை முழுத் தீயில் 20 நிமிடம் எரியவிட்டால் ஏறத்தாழ 50 கிராம் செலவாகும். இந்த 50 கிராமில் பெரும்பகுதி சோற்றை வேகவைக்கவில்லை. சமையலறையின் கூரையை நனைத்ததே அது செய்த வேலை.

ஒரு குடும்பத்தில் காப்பி, சோறு, பருப்பு, கிழங்கு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் வீணே ஆவியாகின்றது என்று வைத்துக்கொண்டால், அதற்கான எரிவாயு 72 கிராம். மாதத்திற்கு இது 2 கிலோவைத் தாண்டும். ஆண்டிற்கு 26 கிலோ, அதாவது ஏறக்குறைய இரண்டு சிலிண்டர்கள்.

இழப்பைத் தடுக்கும் முறைகள்

முதலாவது, பாத்திரத்தை மூடிச் சமைத்தல். மூடியில் பட்ட நீராவி மீண்டும் நீராகிப் பாத்திரத்திலேயே விழுவதால் சிறு தீயே கொதியை நிலைநிறுத்தப் போதும். இரண்டாவது, கொதி வந்தவுடன் தீயைத் தணித்தல். மூன்றாவது, பருப்பையும் பயறு வகைகளையும் முன்னரே ஊறவைத்தல்; நீர் உட்புகும் வேலையை நெருப்பின்றியே காலம் செய்துவிடுகின்றது. நான்காவது, தேவைக்கு மேல் நீர் ஊற்றாதிருத்தல். வடித்துக் கொட்டும் கஞ்சியோடு அதைச் சூடாக்கிய எரிவாயுவும் சத்தும் வெளியேறுகின்றன.

பிரஷர் குக்கர் இவ்விதிகளுக்கு மாறானதன்று; அவற்றின் நிறைவே ஆகும். ஆவி வெளியேறாது அடைபடுவதால் உள்ளே அழுத்தம் ஏறி, நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்கின்றது. உஷ்ணநிலை உயர்வதால் வேகும் நேரம் வெகுவாகக் குறைகின்றது. ஆயினும் முதல் விசில் வந்தபின்பும் பெருந்தீயிலேயே வைத்துப் பல விசில்களை எண்ணுவது வழக்கமாக உள்ளது. ஒவ்வொரு விசிலும் வீணாகும் நீராவியே. முதல் விசிலுக்குப்பின் தீயைத் தணித்து, நிமிடக் கணக்கில் நேரம் பார்த்து இறக்குவதே முறை.

ஐந்தாவது முறை வெப்பத்தைக் காத்தல். ஐரோப்பாவில் இரு உலகப் போர்களின்போதும் எரிபொருள் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வைக்கோல் பெட்டியில் சமைக்கும் வழக்கம் பரவியது. கொதிக்கும் பாத்திரத்தை மூடி, சுற்றிலும் வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்துவிட்டால், உள்ளிருக்கும் வெப்பமே மீதிச் சமையலை முடித்துவிடும். நம் வீடுகளில் கம்பளியோ பழைய போர்வையோ திணித்த கூடை இதற்குப் போதும். இறைச்சியும் பாலும் கலந்த உணவுகளுக்கு இம்முறை ஏற்றதன்று. எவ்வுணவாயினும் வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் விட்டுவைத்தல் கூடாது. சூடாக இருக்கும்போதே உண்டுவிடல் வேண்டும்.

நீராவிச் சமையலில் புனேயின் முயற்சி

ஒரே நீராவியில் பல பண்டங்களை அடுக்கிச் சமைக்கும் முறை நாட்டிற்குப் புதிதன்று. இட்லிக் கொப்பரையை அறியாத தமிழ் வீடு இல்லை. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பார் 1910ஆம் ஆண்டில் அமைத்த ‘இக்மிக் குக்கர்’ இத்தத்துவத்தைக் கொண்டதே.

புனேயில் இயங்கிவரும் கிராமியத் தொழில்நுட்ப நிறுவனமான ‘ஆர்த்தி’ இத்தத்துவத்தை எரிபொருள் ஆராய்ச்சியோடு இணைத்தது. 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தை முன்னின்று நடத்தியவர் தாவர இயல் அறிஞர் ஆனந்த் கர்வே. மேற்கு மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டியபின் வயலில் எஞ்சும் காய்ந்த சோகையைக் கொளுத்திவிடுவது வழக்கம். அச்சோகையைக் காற்றுப் புகாத கலங்களில் சூடேற்றிக் கரியாக்கி, கட்டிகளாக அழுத்தும் முறையை இந்நிறுவனம் வகுத்தது. இதற்கு 2002ஆம் ஆண்டில் லண்டனில் வழங்கப்பெறும் ஆஷ்டன் பரிசு கிட்டியது. அக்கரிக் கட்டிகளைப் பயன்படுத்துவதற்கென ‘சராய்’ என்னும் அடுக்குக் குக்கரும் உருவாயிற்று. சுமார் 100 கிராம் கரியைக் கொண்டே 5 பேர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு வேளைச் சோறும் பருப்பும் காயும் இதில் வெந்துவிடும். நீராவி வீணாகாமலும் பக்கவாட்டில் வெப்பம் கசியாமலும் காத்தலே இதன் இரகசியம். கரியடுப்பை மூடிய அறையில் வைத்தல் ஆகாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயு உயிரைக் குடிக்க வல்லது.

சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு

சேற்றுக் குட்டைகளிலிருந்து எழும் வாயு எரியும் தன்மையது என்பதை இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1776ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அதுவே மீதேன். காற்றில்லாத இடத்தில் கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இது உண்டாகின்றது. நம் நாட்டில் 1950களில் ஜஷ்பாய் படேல் அமைத்த மிதக்கும் மூடிக் கலத்தைக் கதர் கிராமத் தொழில்கள் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. அக்கலங்களுக்கு உணவு மாட்டுச் சாணம். மாடில்லாத நகரக் குடும்பத்திற்கு அவற்றால் பயனில்லை.

2003ஆம் ஆண்டில் கர்வே ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். மீதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் கால்நடைகளின் குடலில் வாழ்கின்றன. சாணம் என்பது அக்கால்நடை தீவனத்தின் சத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய சக்கை. சக்கைக்குப் பதிலாகச் சத்துள்ள மாவுப்பொருளையே அந்நுண்ணுயிர்களுக்கு அளித்தால் என்ன? செய்து பார்த்ததில் விளைவு வியப்பூட்டியது. சுமார் 40 கிலோ சாணம் 40 நாட்களில் தரும் அளவு மீதேனை, உலர்ந்த எடையில் 2 கிலோ மாவுப்பொருள் ஓரிரு நாட்களிலேயே தந்தது. அவ்வளவு ஏறத்தாழ 500 கிராம்.

கலம் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளால் ஆனது. ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டியின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, முக்கால் கன மீட்டர் தொட்டி ஒன்றை அதனுள் கவிழ்த்து வைப்பர். முதலில் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிர்களைக் குடியேற்ற வேண்டும். ஒரு வாரம் அல்லது இரு வாரங்களில் எரியக்கூடிய வாயு உண்டாகும். பின்னர் பழைய சோறு, கெட்டுப்போன தானியம், மாவு அரைக்கும் இடத்துத் தூசி முதலியவற்றைக் கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்றி, நாளடைவில் அளவைக் கூட்டலாம். வாயு சேரச் சேர உட்தொட்டி மேலெழும், செலவாகும்போது தாழும். வெளிவரும் நீரையே மறுநாள் கரைசலுக்குப் பயன்படுத்தலாம். இம்முயற்சிக்கு 2006ஆம் ஆண்டில் மீண்டும் ஆஷ்டன் பரிசு கிட்டியது.

உண்மைக் கணக்கு

இங்கு ஊழியர்கள் ஒன்றை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். 500 கிராம் மீதேன் சுமார் 6,000 கிலோகலோரி வெப்பம் தரும். அது அரைக் கிலோவிற்குச் சற்று அதிகமான சமையல் எரிவாயுவிற்குச் சமம். ஆனால் அதற்குத் தேவை உலர்ந்த எடையில் 2 கிலோ மாவுப்பொருள். ஒரு சாதாரணக் குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேருமாயின் அதில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. எஞ்சும் உலர்பொருள் 200 கிராம் எனக் கொண்டால், அதிலிருந்து கிட்டும் மீதேன் அதிகமாகப் போனால் 50 கிராம். சமையல் எரிவாயுக் கணக்கில் 55 கிராம் அளவு. காய்த்தோலும் நாரும் மிகுந்த கழிவாயின் இதுவும் குறையும்.

முன்னர் கண்ட கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீணே வெளியேறும் ஒரு லிட்டர் நீராவி விழுங்குவது 72 கிராம். எனவே ஒரு குடும்பத்தின் கழிவு முழுவதும் கலத்திலிட்டுப் பெறும் வாயுவைக் காட்டிலும், பாத்திரத்தை மூடித் தீயைத் தணிப்பதால் மிஞ்சும் வாயு அதிகமாக இருக்கக்கூடும். கலத்திற்குப் பணமும் இடமும் அன்றாடக் கவனிப்பும் வேண்டும். மூடிக்கு அவை வேண்டியதில்லை. முதலில் சிக்கனம், அதன்பின் உற்பத்தி என்பதே முறையான வரிசை.

மாவு அரைக்கும் இடம், தானியக் கடை முதலியன அருகிலுள்ள வீடுகளுக்கும், விடுதி, உணவுச்சாலை, மாணவர் இல்லம் போன்றவற்றிற்கும் கலம் மிகவும் ஏற்றது. ஒரு விடுதியில் நாள்தோறும் 50 கிலோ சோறும் சப்பாத்தியும் மிஞ்சினால், அதிலிருந்து சுமார் 4 கிலோ சமையல் எரிவாயுவிற்கு ஈடான வாயு கிட்டும். ஐந்து நாட்களுக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மீதமாகும். எனினும் அந்த 50 கிலோவைச் சமைக்கவும் எரிவாயு செலவாயிற்று என்பதை மறத்தல் ஆகாது. அளவறிந்து சமைப்பதே முதற் சிக்கனம்.

நகருக்கும் இதனால் நன்மை உண்டு. புனேயின் குப்பை ஊருளி தேவாச்சி, புர்சுங்கி ஆகிய கிராமங்களின் அருகே பல ஆண்டுகள் கொட்டப்பட்டது. தம் நிலத்தடி நீர் கெடுகின்றதென அக்கிராமத்தார் பலமுறை எதிர்ப்புத் தெரிவித்தனர். நாற்றத்திற்கு முக்கிய காரணம் குப்பையில் கலந்த உணவுக் கழிவே. குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கம் மாநகராட்சியுடன் 2008ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வீடுவீடாகச் சென்று ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியே பெறத் தொடங்கியது. பிளாஸ்டிக் கலந்த கழிவைக் கலத்திலிட முடியாது. ஆகவே தரம் பிரித்தலே வாயு உற்பத்தியின் முதற்படி.

எச்சரிக்கைகள்

மிகுதியாகத் தீனியிட்டால் கலம் புளித்துவிடும். அமிலம் பெருகி மீதேன் தரும் நுண்ணுயிர்கள் செயலற்றுப் போகும். அப்போது சில நாட்கள் தீனியை நிறுத்திச் சிறிது சாணக் கரைசல் ஊற்றினால் பெரும்பாலும் சீர்ப்படும். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், எண்ணெய் ஆகியவற்றை இடலாகாது. இந்நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி அளவே உகந்தது. புனேயில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் வாயு குறைவது இயல்பே.

இவ்வாயுவில் கரியமிலவாயுவும் கலந்திருப்பதாலும் அழுத்தம் குறைவாதலாலும் இதற்கென அகன்ற துளையுள்ள பர்னர் தேவை. சமையல் எரிவாயுக் குழாயுடன் இதனை இணைத்தல் கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் வரை மீதேன் கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிப்பிற்குப் போதும். கலத்தருகே தீக்குச்சி கிழித்தலும் புகைபிடித்தலும் ஆகா. மீதேன் காற்றைவிட இலேசானதாதலால் மேலே செல்லும். சமையல் எரிவாயு கனமானதாதலால் கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே சமையலறையில் காற்றோட்டம் மேலும் கீழும் வேண்டும்.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இரு ஒத்த பாத்திரங்களில் ஒரு லிட்டர் நீர் வீதம் கொதிக்கவைத்து, ஒன்றைப் பெருந்தீயிலும் மற்றதை மூடிச் சிறுதீயிலும் 15 நிமிடம் வைத்துக் காட்டலாம். வெப்பமானி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். ஆறியபின் எஞ்சிய நீரை அளந்தால் உண்மை விளங்கும்: குறைந்த ஒவ்வொரு 100 மில்லிலிட்டருக்கும் சுமார் 7 கிராம் எரிவாயு செலவாகியுள்ளது. உள்ளுறை வெப்பம் என்னும் பாடம் மாணவருடன் வீட்டுச் சமையலறை வரை செல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

கள ஊழியர்கள் ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்களைத் தேர்ந்து, சிலிண்டர் இணைத்த தேதியையும் தீர்ந்த தேதியையும் குறித்துவரச் செய்யலாம். இரு சிலிண்டர்கள் பழைய வழக்கப்படியும், அடுத்த இரண்டு மேற்கூறிய முறைகளின்படியும் செலவாகட்டும். வேறுபாடு எத்தனை நாள் என்பதைக் குடும்பத்தாரே கண்டுகொள்வர். கலம் அமைக்க விரும்புவோரிடம் முதலில் ஒரு வாரக் கழிவை எடைபோட்டுப் பார்க்கச் சொல்லுதல் நலம். போதிய தீனி இன்றி அமைத்த கலம் சில மாதங்களில் காலித் தொட்டியாகிவிடும். அதனால் நல்லதொரு சாதனத்தின் மீதே மக்களுக்கு நம்பிக்கை குன்றும்.

சந்தை விலை நாளை ஏறலாம், இறங்கலாம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும் என்ற இயற்கை விதியோ மாறுவதில்லை. அவ்விதியை அறிந்து அடுப்பை நடத்தும் குடும்பத்தில், விலை ஏறிய மாதத்திலும் விறகுப் புகை மீண்டும் நுழைய வேண்டியதில்லை.